ராக்கினியின் ஒன்பதாம் நாள்

அருள் நிறைந்த மரியே வாழ்க என்று வாய் சொல்கிறது, கண் ராக்கினியின் முதுகிலேயே நிற்கிறது. முன்வரிசை, நடைபாதை ஓரத்து இடம். ஃபேன் காற்று நேராக விழுகிற இடம், பீடத்து மெழுகுவர்த்தி உருகி வழிவதுகூடத் தெரிகிற இடம். போன வருஷம் வரைக்கும் திருவிழாவின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்தவள் நான். இன்றைக்கு என் கொழுந்தனார் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், மயில்கழுத்துப் பட்டில், முக்காட்டை ஊசி குத்தி நிறுத்திக்கொண்டு, தலை ஒரு பக்கமும் அசையாமல். நான் மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில். இந்தத் தூண் இவ்வளவு அகலம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே என்று சொல்லும்போதே மனசு, ஆமாம், இன்றைக்கு அவள்தானே என்கிறது. சீ. மாதாவே, பொறுத்துக்கொள்ளும். விரலை அடுத்த மணிக்குத் தள்ளுகிறேன். ஒலிபெருக்கியில் கோயில் உபதேசியார் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது, “இன்றைய ஒன்பதாம் நாள் உபயம், திருமதி மோட்சராக்கினி குடும்பத்தினரும் அவர்களது நிறுவனத்தாரும்.” நிறுவனத்தார் என்பதை அவர் இழுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. இழுத்துத்தான் சொன்னார். எனக்கு அப்படி ஒரு வருஷமும் இழுத்ததில்லை. பீடத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் என்னவோ பூ, வாசனையே இல்லாத பூ, பெட்டியில் போட்டு விமானத்தில் வந்ததாம். நான் வைத்தது சம்பங்கி. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்குக்குத் தெரியும், இன்றைக்கு ஒன்பதாம் நாள் என்று. இப்போது என்ன மணக்கிறது? பக்கத்தில் இருக்கிறவளின் தலைத் தைலம் மணக்கிறது. வெளியே மாதா கெபிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு என் மகன் டெனிஸ் உட்கார்ந்திருக்கிறான், மடியில் எங்கள் கம்பெனியின் வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு. நான் அந்தக் கம்பெனிக்கு டைரக்டர். எட்டாம் வகுப்போடு கான்வென்ட்டை விட்டு வந்தவள் டைரக்டர். இந்தத் தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்கிற பாதி வீடுகளில் அப்படித்தான், ஆண்பிள்ளைகள் ஓடுவார்கள், பேப்பரில் பெண்பிள்ளைகள் டைரக்டராக இருப்போம், விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவோம். இந்த வருஷம் நான் போடவில்லை. மூன்று வாரமாக அந்தக் காகிதம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் காரிலேயே போய் வருகிறது. திங்கட்கிழமை பேங்கில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இறால் வாங்கப் பணம் விட மாட்டார்கள், பணம் இல்லையென்றால் ஷெட்டில் இறால் உரிக்கிற பெண்பிள்ளைகளுக்கு வேலை இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான், “கப்பல்ல போன சரக்கை நஷ்டம்னு எழுதியிருக்கிற கணக்குல என் பேரு வராது” என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் பத்து முடிகிறது. பிதாவுக்கும் சுதனுக்கும். இந்தப் பத்தில் ஒரு மணியைக்கூட நான் மாதாவிடம் சொல்லவில்லை, எல்லாவற்றையும் அந்த மயில்கழுத்து முதுகிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனி லாபத்தில் பத்தில் ஒரு பங்கு ஒன்பதாம் நாளுக்கு. அது அவர் நேர்ந்தது. என் வீட்டுக்காரர் மிக்கேல், தம்பியோடு சேர்ந்து முதல் ஐஸ் பெட்டி வாங்கிய வருஷம், மாதா முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்தது. எவ்வளவு லாபம் எழுதுகிறோமோ அதில் பத்தில் ஒன்று. நல்ல வருஷத்தில் வாணவேடிக்கை, பாண்டு வாத்தியம், மோசமான வருஷத்தில் பூவும் பொங்கலும். குறைவாக இருந்தாலும் கோயில் பங்குப் பேரவையில் யாரும் வாயைத் திறந்ததில்லை, மிக்கேல் நேர்ச்சை என்று விட்டுவிடுவார்கள். அவர் போனார், அவர் தம்பியும் போனார், பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். ஐஸ் பிளான்ட் எங்களுக்கு, குளிர்கிட்டங்கி அவர்களுக்கு, லாரிகள் ஆளுக்குப் பாதி. ஒன்பதாம் நாளை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அது மூத்தவர் வீட்டுக்குத்தான் என்று ராக்கினியே சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “அது உங்களுக்குத்தான்க்கா, நாங்க எட்டாம் நாளு எடுத்துக்கிடுதோம்.” அப்படிச் சொன்ன கைதான் இன்றைக்கு முன்வரிசையில் செபமாலை உருட்டுகிறது. இந்த வருஷம் டெனிஸ் எழுதியிருக்கிற லாபத்தில் பத்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் மெழுகுவர்த்திக்குத்தான் காணும். பேரவையில் கேட்டார்களாம், “டெனிஸ், உங்க வீட்டால இந்தத் தடவை முடியுமா?” கேட்டதற்கு இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியும் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். “தெரியல, முடியாதுன்னே வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் ராக்கினி மகன் கிளாட்வின் எழுந்து நின்று, “எங்க கம்பெனிக்கு இந்த வருஷம் மாதா அள்ளிக் குடுத்திருக்கா, ஒன்பதாம் நாள் எங்க பொறுப்பு” என்றானாம். எழுந்து நின்றானாம். உபதேசியார் பெண்டாட்டி அதை எனக்கு நடித்தே காட்டினாள், பாவி, அவளுக்கு அதில் என்ன சந்தோஷமோ. மாதா அள்ளிக் கொடுத்தாளாம். ஒரே கடல், ஒரே பண்ணை இறால், ஒரே கப்பல். இவளுக்கு அள்ளிக் கொடுத்தவள் எனக்கு மட்டும் ஏன் கையை மூடிக்கொண்டாள்? மூன்றாம் தேவ இரகசியம், முள்முடி. யாரோ வாசிக்கிறார்கள். தூண் மறைக்கிறது.

ஒரே கப்பல்தான். மார்ச் மாசம் இங்கே இருந்து போனது. எங்கள் கண்டெய்னர்கள், அவர்கள் கண்டெய்னர்கள், வேறு ஆட்களுடையது ஒன்றிரண்டு. அங்கே அமெரிக்காத் துறைமுகத்தில் சோதனைக்காரன் வேறு யாருடைய பெட்டியிலோ இறாலுக்குப் போட்ட மருந்து மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கப்பலில் வந்த இறால் அத்தனையையும் நிறுத்தி வைத்துவிட்டான். சோதனை செய்கிறான், செய்கிறான், செய்துகொண்டே இருக்கிறான். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. இதற்குள் மார்ச்சோடு முடிந்த வருஷத்துக் கணக்கை மூட வேண்டியதாயிற்று. கிளாட்வின், சரக்குப் போயிருக்கிறது, பணம் வரும் என்று எழுதினான். டெனிஸ், பணம் வராது என்று எழுதினான். ஒரே கப்பலுக்கு இரண்டு கணக்கு. சரி, இவன் பயந்தவன் என்று விட்டுவிடலாம். ஆனால் வரி ஆபீசில் இருந்து நமக்கு வர வேண்டிய பணத்துக்கு வழக்குப் போட்டு, தீர்ப்பே நமக்குச் சாதகமாக வந்துவிட்டது, அதையும் இவன் எழுதவில்லை. “அவங்க மேல்கோர்ட்டுக்குப் போவாங்கம்மா, கைக்கு வந்தப்புறம் பாத்துக்கிடுவோம்.” சாப்பாட்டு மேசையில் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். “ஏம்ல, கெட்டதுன்னா சந்தேகப்பட்டாலே எழுதுத, நல்லதுன்னா தீர்ப்பு வந்தும் எழுத மாட்டேங்க. இது என்ன நியாயம்?” “கணக்கே அப்படித்தாம்மா. நஷ்டம் வரும்போல இருந்தாலே போதும். லாபம் வந்து உக்காரணும்.” “இருக்கிறதை இல்லன்னு எழுதுனா அதுவும் பொய்தானல? பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எட்டாம் கட்டளையில இருக்கா இல்லையா?” அவன் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். “இல்லன்னு எழுதலம்மா. தெரியலன்னுதான் எழுத ஆசை. ஆனா பணத்துக்கு நேரா தெரியலன்னு எழுத முடியாது, ஒரு நம்பர் போட்டாகணும். எந்த நம்பர் போட்டா நாளைக்கு யாரு வயித்துலயும் அடிக்காதோ அதைப் போடுதேன். அமெரிக்காக்காரன் வரி கூட்டுவானா தெரியல, டாலர் நிக்குமா தெரியல, இந்த வருஷம் பெரிய பெரிய கம்பெனிக்காரனே லாபத்தை மெதுவாத்தாம்மா சொல்லுதான். ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துதாங்கள்ல, ஏத்துனப்புறம் புயல் வரலன்னா யாராவது ஏத்துனவனை வையுதாங்களா?” “வைவாங்க மக்கா. கடலுக்குப் போகாம அன்னைக்கு உலை வைக்காத வீட்டுல வைவாங்க.” முதல் தடவையாக நான் அவனைப் பேச்சில் மடக்கினேன். ஆனாலும் நம்பரை மாற்றவில்லை. கல்லுளிமங்கன், அப்பாவைக் கொண்டிருக்கிறான். மரியே வாழ்க, மரியே வாழ்க, எத்தனையாவது மணி இது, விரல் தன்பாட்டுக்குப் போகிறது, போகட்டும்.

எனக்கு எரிவது பட்டுச்சேலைக்கு இல்லை. பூவுக்கும் இல்லை. பூவுக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் அடியில் கிடப்பது வேறு. கிளாட்வின் நல்ல சேதி எது கேட்டாலும் முதலில் அம்மாவுக்குத்தான் போன் போடுவான். இன்னும் ஆர்டர் வந்திருக்காது, வருகிற மாதிரி ஒரு பேச்சு இருக்கும், அதற்குள், “யம்மா, பெரிய ஆர்டரு, கேசரி கிண்டுங்க” என்பான். பாதி வரவே வராது. வந்தால் என்ன வராவிட்டால் என்ன, கேசரி கிண்டினாள் இல்லையா, ஒரு சாயங்காலம் சந்தோஷமாக இருந்தாள் இல்லையா? எனக்கு என் மகன் அப்படி ஒரு கேசரி தந்ததில்லை. ஆடிட்டர் பரீட்சை பாஸ் பண்ணினதை எனக்கு எப்போது சொன்னான் தெரியுமா, சான்றிதழ் தபாலில் வந்த அன்றைக்கு. அதற்குள் தெருவுக்கே தெரிந்து, ராக்கினி வந்து என் வாயில் சீனி போட்டுவிட்டுப் போனாள், நான் எதற்கு என்று தெரியாமலே மென்று விழுங்கினேன். கெட்டது என்றால் மட்டும் உடனே. என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, “அப்பா இல்லன்னே வச்சுக்கிடுங்கம்மா” என்றான். டாக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னார். இவன் தெரியவில்லை என்பதை இல்லை என்று எழுதிவிட்டான். அன்றைக்கு நான் அழுத அழுகை அந்த வராந்தாவுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். இட்லி தின்றார், என்னோடு சண்டை போட்டார், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு இதே பவனியில் நடந்தார். ஒவ்வொரு நாளும் எனக்கு உபரியாக வந்த மாதிரி இருந்தது, வர வேண்டியதில்லாத பணம் வந்த மாதிரி. கடைசியில் ஒரு மத்தியானம் உண்மையிலேயே போனபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், ராக்கினி மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணீரை எல்லாம் இவன் நாலு வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்து எழுதி முடித்துவிட்டான். அந்த நாலு வருஷம் நல்லதா, அந்த ஒரு நாள் வறட்சி கெட்டதா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியவில்லை. இன்றைக்குக் காலையில் சொல்கிறான், “உங்க இஷ்டத்துக்கு எழுதணும்னா வேற ஆள வச்சு எழுதிக்கிடுங்கம்மா, கொச்சியில ஒரு கம்பெனியில கூப்பிடுதாங்க.” காலையிலிருந்து அதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். கொச்சி வேலை அவனுக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா? நல்லது என்றால் நிச்சயமாகிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அப்படியென்றால் முடிந்தது, போய்விடுவான். கெட்டது என்றால் சந்தேகத்திலேயே சொல்லிவிடுவான், அப்படியென்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. எந்தக் கணக்கில் சொன்னாய் மக்கா? என்னை விட்டுப் போவதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?

மூன்றாம் பத்து முடிந்து எல்லாரும் எழுந்து உட்கார்கிறார்கள், பெஞ்சு கிரீச்சிடுகிறது. ராக்கினி மைக்குக்குப் போகிறாள். நாலாம் பத்து உபயக்காரர்கள் சொல்வது வழக்கம். எத்தனை வருஷம் நான் சொன்னேன், அந்த மைக்கின் சில்லென்ற இரும்பை என் கை அறியும். அவள் பட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். இயேசு சிலுவை சுமந்து செல்கிறார். குரல் கணீரென்று வருகிறது, வரட்டும், கண்டெய்னர் திறந்து பார்க்கும்போது வருமா இந்தக் குரல்? அங்கே ஒரு வெள்ளைக்காரன் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியின் கதவைத் திறக்கிறான். வெண்புகையாகக் குளிர் வெளியே வருகிறது. ராக்கினி கம்பெனியின் பெயர் போட்ட அட்டைப் பெட்டி. ஒரு இறாலை எடுத்து ஏதோ மருந்தில் போடுகிறான். நிறம் மாறுகிறது. ஆகாது என்று தலையை ஆட்டுகிறான். அருள் நிறைந்த மரியே. இன்னொரு பெட்டி, அதுவும் ஆகாது. கர்த்தர் உம்முடனே. மொத்தமும் ஆகாது, மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், கிளாட்வின் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கிறான், கேசரி வேண்டாம்மா என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு இதம், வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி. அப்புறம்தான் சுருக்கென்றது. நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்? கையில் செபமாலை. வாயில் மாதா பேர். நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு மணிக்கும், எத்தனை நாளாகவோ. அதே கப்பலில்தானே என் பெட்டியும் இருக்கிறது, அது கெட்டுப்போகும் என்ற பயம் ஏன் எனக்கு வரவில்லை? ஏன் என்றால் என் பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. டெனிஸ் எழுதி முடித்துவிட்டான். எங்கள் நஷ்டத்துக்கு நாங்கள் அழுது, ஒன்பதாம் நாளைப் பறிகொடுத்து, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. இனி அந்தக் கப்பலில் கெட்டது வந்தால் அது அவளுக்கு மட்டும்தான் வரும். எனக்குச் செலவே இல்லை. என் மகன் பயந்து பயந்து, யார் வயிற்றிலும் அடிக்கக் கூடாது என்று போட்ட நம்பரின் மேல் ஏறி நின்றுகொண்டு நான் அவள் வயிற்றில் அடித்துக்கொண்டிருக்கிறேன். மாதாவே. கழுத்தின் பின்னால் வியர்க்கிறது, இந்தத் தூணுக்குக் காற்றே வராது. கண்ணை மூடிக்கொள்கிறேன், மூடினால் கையுறைக்காரன் வருகிறான், திறந்தால் ராக்கினி.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அருள் நிறைந்த மரியே வாழ்க. சபை பதில் சொல்கிறது. மறுபடியும் அருள் நிறைந்த மரியே. இது பத்துக்கு மேல் போய்விட்டதே. என் மாலையில் பத்து தாண்டிப் பெரிய மணிக்கு விரல் வந்துவிட்டது, சுற்றி இருப்பவர்களுடையதும் வந்திருக்க வேண்டும், ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். பின்னால் ஒரு குமரி ‘க்ளுக்’ என்றாள். மைக் வேண்டும், ஆர்க்கிட்டோ என்னவோ அந்தப் பூ வேண்டும், பத்து எண்ணத் தெரியவில்லை என்று என் மனசு முதலில் குதித்தது, பொய் சொல்ல மாட்டேன், குதித்தது. அவள் நிறுத்தவில்லை. அருள் நிறைந்த மரியே. குரலில் கணீர் போய்விட்டது. மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், மாலை உருளவில்லை, ஒரே மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நசுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பிடித்த பிடி அது. அடுத்த மணிக்குப் போனால் என்னவோ நடந்துவிடும் என்கிற மாதிரி. கிளாட்வின் முன்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சபை பதில் சொல்வது தேய்கிறது, பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள், உபதேசியார் எழுந்திருப்பதா வேண்டாமா என்று பெஞ்சைப் பிடிக்கிறார். அப்போது என் வாய் திறந்தது. “பிதாவுக்கும் சுதனுக்கும் தூய ஆவியாருக்கும்” என்று தூணுக்குப் பின்னாலிருந்து உரக்க, மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். சபை அப்பாடா என்று பிடித்துக்கொண்டது. பத்து முடிந்தது. ராக்கினி விழித்துக்கொண்ட மாதிரி தலையைத் திருப்பி, குரல் வந்த திசையைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேனா, இல்லை, இது என் ஒன்பதாம் நாள், முடித்து வைக்க நான்தான் வேண்டும் என்று சொன்னேனா? சொன்னவளுக்கே தெரியவில்லை. இதற்கும் ஒரு நம்பர் போட்டாக வேண்டும் என்றால் எதைப் போடுவேன்?

ஐந்தாம் பத்தும் முடிந்தது. பூசை வைக்கிற ஆயர் ஆண்டவர் கார் இன்னும் வந்து சேரவில்லையாம், பூசைக்கு முதல் மணி அடித்து நிறுத்திவிட்டார்கள். பெண்கள் விசிறிக்கொள்கிறார்கள். ராக்கினி எழுந்து நேராக என்னிடம்தான் வருகிறாள், பட்டு சரசரக்க, வழியில் கும்பிடுகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே. வந்து என் பக்கத்தில் இடம் இல்லாத இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நல்ல வேளைக்கா. நீங்க இல்லன்னா விடிய விடிய சொல்லிக்கிட்டே நின்னிருப்பேன்.” “கூட்டத்தப் பாத்துப் பதறிட்ட போல.” “கூட்டத்துக்கா நான் பதறுவேன்?” என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள், பவுடர் வியர்வையில் கரைந்து வழிகிறது. “யக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்கப்பிடாது. அந்தக் கப்பல் சரக்க டெனிஸ் என்னன்னு எழுதியிருக்கான்?” “போச்சுன்னு.” “போச்சுன்னேவா? மொத்தமுமா?” “மொத்தமும்.” அவள் முக்காட்டு ஊசியைக் கழற்றிக் கழற்றிக் குத்தினாள். “இவன் வந்துட்ட மாதிரியே எழுதிப்புட்டான்க்கா. எழுதிக் காட்டி, பேங்க்ல இன்னும் கடன் வாங்கி, பண்ணைக்காரனுக்கு முன்பணம் குடுத்து, இந்தா, பூ. நான் கேட்டா, யம்மா, நீங்க கேசரி கிண்டுங்கங்கான். தினமும் ஒரு நல்ல சேதி சொல்லுதான், ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போகுது. டெனிஸ் மாதிரி ஒருத்தன் வீட்டுல இருந்து, போச்சுன்னு ஒரு தடவ சொல்லிட்டா, அழுதுட்டாவது தூங்குவேன். உங்களுக்கென்னக்கா.” உங்களுக்கென்ன. மூன்று வாரமாக நான் அவளைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல்லை அவள் என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். என்னிடம் என்ன இருக்கிறது என்று இவள் பொறாமைப்படுகிறாள், தூணும் தலைத் தைல வாசனையும்தானே என்று சொல்ல வந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கை ஜில்லென்று இருக்கிறது. “உங்க செபத்துக்கு மாதா இரங்குவா. எங்க பெட்டிக்காக ஒரு மணி சொல்லுங்கக்கா.” இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் ராக்கினி, வேறு மாதிரி. “சொல்லுதேன்” என்றேன்.

பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தேன். கடல் காற்று முகத்தில் அடித்தது, உப்பும் மீனும் வாணவேடிக்கைக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிற மருந்தும் கலந்த காற்று. டெனிஸ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தான், கதவைத் திறந்ததும் நிமிர்ந்தான். “பூசை ஆரம்பிக்கலயாம்மா?” “பேனா வச்சிருக்கியா?” “வீட்டுல போயி…” “இங்கனயே குடு.” காருக்குள் விளக்கைப் போட்டான். விரல் வைத்துக் காட்டினான், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன், செசிலியம்மாள், செசிலியம்மாள், செசிலியம்மாள், ஒவ்வொரு பக்கத்திலும். அவன் காகிதங்களைத் தட்டி அடுக்கி, ஒவ்வொரு பக்கமாக மறுபடி எண்ணிப் பார்த்தான். “கொச்சியில கூப்பிட்டான்னியே, நல்ல சேதியா, கெட்ட சேதியா?” பேனாவை மூடினான். “கெட்டதுதாம்மா. இன்னும் ஒண்ணும் முடிவாகல.” அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன், இவன் இதுவரைக்கும் சொன்ன கெட்ட சேதிகளிலேயே எனக்கு இனித்தது இதுதான். அந்த இனிப்பு தொண்டையில் இருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டது, இந்த மனசு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. “மக்கா, அந்தச் சரக்கு நல்லதுன்னு சொல்லிட்டான்னா?” “அப்ப அந்தப் பணம் அடுத்த வருஷத்து லாபம்மா.” அடுத்த வருஷத்து லாபம். பத்தில் ஒரு பங்கு. அடுத்த வருஷத்து ஒன்பதாம் நாள், முன்வரிசை, சம்பங்கி. நம்முடையது நல்லதாகி அவளுடையது மட்டும் கெட்டுப்போனால், என்று அது பாட்டுக்குக் கணக்குப் போடுகிறது. நிறுத்து, நிறுத்து. ஒரே கப்பல்தானே, ஒரே துறைமுகம், ஒரே சோதனைக்காரன், என் பெட்டிக்காக வேண்டிக்கொண்டால் அவள் பெட்டியும் பின்னாலேயே வந்துவிடாதா, அவள் பெயரைச் சொல்லாமலே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? “ஏம்ல, ரெண்டு பேரு சரக்கும் ஒண்ணாத்தானே பாப்பான்? ஒண்ணு தப்பிச்சா மத்ததும் தப்பிச்சிரும்லா?” “இல்லம்மா. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாத்தான் பாப்பாங்க.” தனித்தனியாக. இரண்டாம் மணி அடித்தார்கள். உள்ளே போய்த் தூணுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன், முன்வரிசையில் அந்த மயில்கழுத்து முதுகு கொஞ்சம் குனிந்திருந்தது. மாலையை மறுபடி வெளியே எடுத்து, முதல் மணியைப் பிடித்தேன். மாதாவே, ராக்கினியின் பெட்டி. அதற்கு மேல் வரவில்லை. விரல் நகர மாட்டேன் என்கிறது. பாட்டு ஆரம்பித்து, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நான் மட்டும் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாதாவே, ராக்கினியின் பெட்டி.